1932 ஃபோர்டு கூபே: கூரையை எத்தனை அங்குலம் இறக்கலாம்?

கேள்வி சுருக்கமாக இது: கையில் இருப்பது 1932 ஃபோர்டு ஐந்து ஜன்னல் கூபே (முன் கண்ணாடி போக ஐந்து ஜன்னல் உள்ள இரண்டு கதவுக் கார்). அசல் இரும்பு பாடி, கூரையில் இதுவரை யாரும் கை வைக்கவில்லை. ஓட்டப்போகிறவர் 5 அடி 11 அங்குலம். வாரக் கடைசியில் ஊர் சுற்ற, நெடுஞ்சாலையில் போய்வர வேண்டும். பில்லர்களில், அதாவது கூரையைத் தாங்கும் தூண்களில், 3 அங்குலப் பட்டையை வெட்டி எடுத்துக் கூரையை இறக்குவதா, 4 அங்குலமா?

என் பதில்: இரண்டரைக்கும் மூன்றுக்கும் நடுவில். நான்கு வேண்டாம். ஆனால் இந்த எண்ணை அப்படியே எடுத்துக்கொண்டு கிரைண்டரைக் கையில் தூக்கிவிடாதீர்கள். உங்கள் வண்டியில், உங்கள் உடம்புக்கு அது சரிதானா என்று ஒரு வார இறுதிக்குள் கண்டுபிடித்துவிடலாம். அதற்குக் காசும் ஆகாது.

முதலில் இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் பாதி குழப்பம் தீரும். 1930களிலும் 40களிலும் கலிஃபோர்னியாவின் மியூராக், எல் மிராஜ் போன்ற வறண்ட ஏரிப் படுகைகளில் வேகப் பந்தயம் ஓட்டியவர்கள் காற்றின் எதிர்ப்பைக் குறைக்கத்தான் கூரையை வெட்டினார்கள். கூரை 42 அங்குல அகலம் என்று வையுங்கள். 4 அங்குலம் வெட்டினால் காற்றுக்கு எதிரே நிற்கும் பரப்பில் 168 சதுர அங்குலம், அதாவது ஒரு சதுர அடிக்குச் சற்று மேல் குறைகிறது. ஏரிப் படுகையில் கடைசி இரண்டு மூன்று மைலுக்காக முட்டி மோதுகிறவருக்கு அது பெரிய லாபம். 60 மைல் வேகத்தில் போகும் உங்களுக்கு அந்த லாபம் தேவையில்லை. நீங்கள் வெட்டுவது தோற்றத்துக்காக. ஆகவே பந்தய வண்டிகளின் அளவை முன்மாதிரியாக வைக்க வேண்டாம். அவற்றை ஓட்டியவர்கள் சிவப்பு விளக்கைப் பார்த்து நிற்க வேண்டியிருக்கவில்லை.

அடுத்தது, இந்த விஷயத்தில் எல்லோரும் தப்பாகக் கேட்கும் இடம். “அவர் எத்தனை அங்குலம் வெட்டினார்?” என்று கேட்பதால் பயனில்லை, வெட்டிய பிறகு கண்ணாடி எவ்வளவு மிச்சம் என்பதுதான் கண்ணுக்குத் தெரியும் அளவு. ஒரு வண்டியில் பக்கக் கண்ணாடி 15 அங்குலம் உயரம் என்று வைத்துக்கொள்வோம். அதில் 4 எடுத்தால் 11 மிச்சம். கால் பங்குக்குச் சற்று மேல்தான் போயிருக்கிறது. இன்னொன்றில் 12 அங்குலம்தான் இருக்கிறதென்றால் அதே 4 அங்குலம் மூன்றில் ஒரு பங்கைத் தின்றுவிடும். எண் ஒன்றுதான், ஆனால் முதல் வண்டி அடக்கமாக நிற்கும், இரண்டாவது பதுங்குகுழி மாதிரி இருக்கும். 1928 முதல் 31 வரை வந்த மாடல் ஏ கூபேயில் கூரை உயரம், பில்லர்களும் கிட்டத்தட்ட நேர். அதனால் 3 முதல் 4 வரை தாங்கும். 32 அதைவிடத் தாழ்வாகவே தொழிற்சாலையிலிருந்து வந்தது. பழைய மாடல் ஏ ஆட்கள் சொல்லும் நான்கை அப்படியே 32க்கு எடுத்துப் போட்டுத்தான் பலரும் ஏமாறுகிறார்கள்.

இனி உங்கள் வண்டிக்கு வருவோம். கூரையைப் பற்றி யோசிக்கும் முன் வண்டி கடைசியில் எப்படி நிற்கப்போகிறதோ அப்படி நிற்க வேண்டும். முன் அச்சு, ஸ்பிரிங், சக்கரம், டயர் எல்லாம் இறுதி அளவில் மாட்டப்பட்டிருக்கட்டும். பின்னால் பெரிய டயர், முன்னால் சிறிய டயர் என்று போட்டு முன்பக்கம் இரண்டு அங்குலம் தாழ்ந்தாலே கூரை குறைந்த மாதிரி ஒரு தோற்றம் வந்துவிடும். நான்கு வெட்ட வேண்டும் என்று நினைத்தவர்கள் வண்டியைச் சரியாக நிறுத்திப் பார்த்ததும் இரண்டரையே போதும் என்று மனம் மாறுவது சகஜம்.

அப்படி நிறுத்திவிட்டுப் பக்கவாட்டில் ஒரு படம் எடுங்கள். 40 அடி தள்ளி நின்று, ஜூம் செய்து, கதவுக் கண்ணாடியின் அடிவிளிம்பு உயரத்தில் கேமராவைப் பிடித்து எடுக்க வேண்டும். பக்கத்தில் நின்று போனில் எடுத்த படம் நடுவில் உப்பி, கூரை வளைவைப் பொய்யாகக் காட்டும். 32 ஃபோர்டின் இரு சக்கர மையங்களுக்கு இடையே 106 அங்குலம். படத்தை ஏ3 தாளில் அந்த இடைவெளி 212 மில்லிமீட்டர் வரும்படி அச்சிடுங்கள். இப்போது 2 மில்லிமீட்டர் என்பது ஓர் அங்குலம். நான்கு பிரதி எடுத்து, ஒன்றில் 5, ஒன்றில் 6, ஒன்றில் 8 மில்லிமீட்டர் பட்டையை பில்லர்களின் குறுக்கே வெட்டி எடுத்து மேல் பகுதியை இறக்கி ஒட்டுங்கள். ஒன்றை அப்படியே விடுங்கள். நான்கையும் சுவரில் மாட்டி நாலைந்து நாள் போக வரப் பாருங்கள். கம்ப்யூட்டரிலும் இதைச் செய்யலாம். ஆனால் தாளை வெட்டி ஒட்டும்போது முன் பில்லர் மேலும் கீழும் பொருந்தாமல் தள்ளி நிற்பதைக் கையாலேயே உணர்வீர்கள். பின்னால் தகட்டில் வரப்போகும் பிரச்சினை அதுதான்.

படம் வெளித்தோற்றத்துக்கு. உள்ளே உட்கார்ந்து பார்ப்பது அதைவிட முக்கியம். நீங்கள் உண்மையிலேயே பயன்படுத்தப்போகும் சீட்டை வைத்து, பெல்ட் மாட்டி, கால் மணி நேரம் உட்காருங்கள்; சீட் அமுங்கி நிலைக்கு வரட்டும். முன் கண்ணாடியின் மேல் விளிம்பிலிருந்து கீழ்நோக்கி 3 அங்குல அகலத்துக்கு மாஸ்கிங் டேப் ஒட்டி மறையுங்கள். கதவுக் கண்ணாடிகளிலும் அப்படியே. இப்போது கண்மட்டத்திலிருந்து டேப்பின் அடிவிளிம்பு எத்தனை அங்குலம் மேலே இருக்கிறது என்று பக்கத்தில் ஒருவரை ரசமட்டம் வைத்து அளக்கச் சொல்லுங்கள். கண்ணுக்கும் அந்த விளிம்புக்கும் இடையே கிடைமட்டத் தூரத்தையும் அளக்க வேண்டும்.

இந்த இரண்டு எண்ணும் இருந்தால் சிக்னல் விளக்கு தெரியுமா தெரியாதா என்று கணக்குப் போடலாம். அமெரிக்காவில் சாலைக்கு மேலே தொங்கும் சிக்னலின் அடிப்பகுதி தரையிலிருந்து 15 அடிக்குக் குறையக்கூடாது. நிறுத்தக் கோட்டிலிருந்து குறைந்தது 40 அடி தள்ளி இருக்கும். உங்கள் கண் தரையிலிருந்து நாலரை அடியில் என்றால், விளக்கு கண்ணுக்கு மேலே பத்தரை அடி. கண்ணாடியின் மேல் விளிம்பு கண்ணுக்கு 24 அங்குலம் முன்னால், 5 அங்குலம் மேலே என்று வையுங்கள்: குனியாமல் விளக்கைப் பார்க்க அது 50 அடி தள்ளி இருந்தால் போதும். 3 அங்குலம் வெட்டி, சீட்டை அப்படியே விட்டால் விளிம்பு கண்ணுக்கு மேலே 2 அங்குலம்தான்; அப்போது விளக்கு 126 அடி தள்ளி இருக்க வேண்டும். முதல் ஆளாகக் கோட்டில் நின்றால் பச்சை விழுந்ததே தெரியாது, பின்னால் நிற்பவர் ஹாரன் அடித்துத்தான் தெரியும். சீட்டை 2 அங்குலம் இறக்கினால் இதே தூரம் சுமார் 63 அடிக்கு வந்துவிடும். சற்றே முன்னால் சாய்ந்தால் சமாளிக்கலாம். 4 அங்குலம் வெட்டினால் சீட்டை 3 அங்குலம் இறக்கினால்தான் இந்த நிலைக்கு வர முடியும்.

சீட்டை இறக்குவதற்கும் எல்லை உண்டு. அதிகம் இறக்கினால் கண் தாழ்ந்து, நீண்ட பானெட் சாலையை மறைக்கும். முழங்கால் தூக்கி ஸ்டியரிங்கில் இடிக்கும். கண்ணாடியில் கண்ணுக்கு மேலே எவ்வளவு, கீழே எவ்வளவு என்று பங்கிட வேண்டியிருக்கிறது. மிச்சக் கண்ணாடி குறையக் குறைய அந்தப் பங்கீடு கெட்டுக்கொண்டே போகும். தலைக்கு மேல் இடமும் இதில் சேரும். முடியிலிருந்து கூரைத் துணி வரை இப்போது நாலரை அங்குலம் இருக்கிறது என்றால், 3 போக ஒன்றரை. வெப்பம் தடுக்கும் விரிப்பும் துணியும் அரை அங்குலம் எடுத்தால் ஒன்று. பள்ளத்தில் இறங்கி ஏறினால் தலை முட்டும். 2 அங்குலம் சீட்டை இறக்கினால் மூன்று கிடைக்கும், அது நிம்மதி. டிராக் ஸ்டிரிப்பில் (நேர்கோட்டு வேகப் பந்தயத் தடத்தில்) ஹெல்மெட்டோடு ஓட்டும் எண்ணம் இருந்தால் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டே அளந்துகொள்ளுங்கள். பாடியை சேஸிஸ் மீது இறக்கி உட்கார வைக்கும் வேலையும் செய்யப்போகிறீர்கள் என்றால், தரைத் தகடு மேலே ஏறும். அதையும் கூரை வெட்டையும் தனித்தனியாக முடிவு செய்யவே கூடாது. 5 அடி 11 ஆளுக்கு இரண்டும் சேர்ந்து 4 அங்குலக் கூரை வெட்டு நடக்காத காரியம்.

இப்போது தகட்டுக்கு வருவோம், ஏனெனில் அரை அங்குலத்தின் அருமை இங்கேதான் தெரியும். கூரைப் பகுதி மேலே போகப் போகக் குறுகுகிறது. முன் பில்லர் பின்னோக்கிச் சாய்ந்திருக்கிறது, பின்பக்கம் முன்னோக்கி. நடுவில் ஒரு பட்டையை எடுத்துவிட்டு மேல் பகுதியை நேராக இறக்கினால் அது கீழ்ப்பகுதியைவிட நீளம் குறைவாக இருக்கும். எவ்வளவு குறைவு என்பது சாய்வைப் பொறுத்தது: வெட்டும் ஒவ்வோர் அங்குலத்துக்கும் 10 டிகிரி சாய்வில் 0.18 அங்குலம், 20 டிகிரியில் 0.36, 30 டிகிரியில் 0.58. முன்னால் 10, பின்னால் 15 டிகிரி என்றால் 3 அங்குல வெட்டுக்கு மொத்தம் ஒன்றே கால் அங்குலத்துக்குச் சற்று மேல் பற்றாக்குறை. நான்கு வெட்டினால் ஒன்றே முக்கால். ஒவ்வொரு பில்லரிலும் தூக்குக் குண்டு கட்டி உங்கள் வண்டியின் சாய்வை நீங்களே அளந்துகொள்ளுங்கள். அந்தக் காலத்துப் பாடிகளும், பழைய விபத்தில் அடிபட்டவையும், இடம் வலம் ஒன்றாக இருப்பதில்லை.

இந்தப் பற்றாக்குறையை இரண்டு வழியில் தீர்க்கலாம். முன் பில்லரின் அடியில் ஆப்பு வடிவில் ஒரு வெட்டு போட்டு, பில்லரைப் பின்னால் சாய்ப்பது ஒன்று. முழுப் பற்றாக்குறையையும் இதிலேயே தீர்த்தால் கண்ணாடி 7 டிகிரிக்கு மேல் கூடுதலாகப் படுத்துவிடும். 32இன் நிமிர்ந்த முகமே மாறிப்போகும். மற்றது கூரையை நீட்டுவது. இதில் 32 நமக்கு ஒரு சலுகை தருகிறது. அந்த ஆண்டு ஃபோர்டின் கூரை முழு இரும்பு அல்ல. நடுவில் துணி போர்த்திய பெரிய திறப்பு. முன்பகுதியையும் பின்பகுதியையும் இணைப்பவை இரண்டு பக்கச் சட்டங்கள் மட்டுமே. கதவுக்கு மேலே அந்தச் சட்டங்களை வெட்டி இரு பக்கமும் அரை அங்குலத்துண்டு சேர்த்தால் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறை தீர்ந்தது. மீதியை பில்லரைச் சற்றே சாய்த்துச் சரிக்கட்டலாம், கண்ணுக்குத் தெரியாது. நடுத் திறப்பை இரும்புத் தகட்டால் மூடும் எண்ணம் இருந்தால் அதை இந்த வேலை முடிந்த பிறகே செய்யுங்கள். முதலில் மூடிவிட்டால் நீட்ட வேண்டிய இடத்தில் ஒரு பெரிய தட்டைத் தகட்டை வெட்டி மறுபடி பற்றவைக்க வேண்டிவரும், அது சுருங்கி தகர டப்பா மாதிரி டப் டப்பென்று அமுங்கும்.

மற்ற வண்டிகளுக்கு இரண்டு வார்த்தை. 33, 34 கூபேக்களில் முன் பில்லர் இன்னும் சாய்வு, எனவே இரண்டரை, மிஞ்சினால் மூன்று. டியூடர் எனும் இரண்டு கதவு செடானில் கூரை நீளம் என்பதால் மூன்று வெட்டினாலே தட்டையாகத் தெரியும். ரோட்ஸ்டர் என்றால் கண்ணாடிச் சட்டத்தில் 2 அங்குலமும் துணிக்கூரையின் கம்பிகளும் தான். 49 முதல் 51 வரையிலான மெர்க்குரி (ஃபோர்டு நிறுவனத்தின் இன்னொரு வண்டி) தனி உலகம்: அங்கே முன்னும் பின்னும் ஒரே அளவு வெட்டுவதில்லை. கலிஃபோர்னியாவில் பாரிஸ் (Barris) சகோதரர்களின் பட்டறையில் 1952இல் தயாரான ஹிரோஹாட்டா மெர்க்குரியில் முன்னால் 4, பின்னால் 7 அங்குலம் இறக்கினார்கள். அந்த வழுக்கிய பின்புறம் அப்படி வந்ததுதான். ஆனால் நிமிர்ந்த 32இல் பின்பக்கத்தை அதிகம் இறக்கினால் கூரை முதுகு ஒடிந்த மாதிரி இருக்கும். கதவுக் கண்ணாடிச் சட்டத்தோடு மேல்கோடு இணையாக ஓட வேண்டிய வண்டி இது.

வெட்டும் முன் உள்ளே தாங்கல் கொடுக்காமல் தொடங்கவே வேண்டாம். பாடி சேஸிஸில் போல்ட் போட்டு, ரசமட்டத்தில் நிற்க வேண்டும். ஓர் அங்குலச் சதுரக் குழாயால் இடம் வலமாக கவுலிலும் (முன் கண்ணாடிக்குக் கீழே உள்ள பாடிப் பகுதி) கதவுக்குப் பின் பில்லர்களிலும், நீளவாக்கில் இரு பக்கமும், கண்ணாடிக் கோட்டுக்குக் கீழே பற்றவைத்துச் சட்டம் போடுங்கள். கதவுகள் மூடியே இருக்கட்டும், சுற்றிலும் இடைவெளி சீராக இருக்கிறதா என்று குறித்துக்கொள்ளுங்கள். கண்ணாடி, துணி, கூரையில் இருக்கும் மரச் சட்டங்கள் எல்லாம் வெளியே வந்துவிட வேண்டும். 90 ஆண்டு காய்ந்த மரத்துக்கு ஒரு வெல்டிங் பொறி போதும்.

வெட்டுக்கோடு எங்கே என்பதில் அவசரம் கூடாது. பில்லர் நேராக, மேலும் கீழும் கிட்டத்தட்ட ஒரே தடிமனாக இருக்கும் இடமாகப் பாருங்கள். கதவுக் கீல், பூட்டு, ஜன்னலின் உருண்ட மூலைகள் இவற்றைத் தொடக்கூடாது. கொத்தனார் வைக்கும் தண்ணீர்க் குழாய் மட்டமோ லேசர் மட்டமோ வைத்து வண்டியைச் சுற்றி இரண்டு இணைக்கோடு இழுங்கள். முதல் வெட்டுக்கு இரண்டரை அங்குலம் வையுங்கள், மூன்று என்று முடிவு செய்திருந்தாலும். மிச்ச அரை அங்குலத்தைப் பிறகு எடுக்கலாம்; எடுத்ததைத் திரும்ப வைக்க முடியாது. 1 மில்லிமீட்டர் டிஸ்க்கால் கோட்டுக்கு உட்புறமாக வெட்டி, கடைசி மயிரிழையை அரத்தால் ராவி எடுங்கள். பில்லரின் உள்தகடும் வெளித்தகடும் ஒரே மட்டத்தில் வெட்டுப்படாமல் ஓர் அங்குலம் மேலும் கீழுமாக இருந்தால் இணைப்பு வலுவாக இருக்கும். பின் ஜன்னலில், திறப்பின் நடுவே வெட்டினால் வேலை எளிது, ஜன்னல் சிறுக்கும். ஜன்னலை முழுதாக வைத்துக் கீழே உள்ள தகட்டில் வெட்டினால் வளைவு பொருந்தாமல் அதிகம் தட்ட வேண்டியிருக்கும். ஐந்து ஜன்னல் கூபேயில் பக்கச் சிறு ஜன்னல்களும் இருப்பதால் பின் ஜன்னலையும் அவற்றோடு சேர்த்துச் சிறுக்க வைப்பதே கண்ணுக்கு ஒத்துப்போகும்.

கூரையை இறக்கி வைத்ததும் பின்பக்கத்தை முதலில் பொருத்துங்கள், ஏனெனில் வளைவு அங்கேதான் அதிகம். பொருந்தாமை எல்லாம் முன் பில்லருக்கு வந்து சேரட்டும். ஒவ்வொரு பில்லரிலும் நாலு புள்ளி மட்டும் பற்றவைத்து நிறுத்திவிட்டு, வண்டியை வெயிலில் தள்ளிக்கொண்டு போய் 40 அடி தள்ளி நின்று பாருங்கள். சீட்டைப் போட்டு உட்கார்ந்தும் பாருங்கள். மீதி அரை அங்குலம் வேண்டுமா என்று தீர்மானிக்க வேண்டிய நேரம் இதுதான். முன் கண்ணாடித் திறப்பின் இரண்டு மூலைவிட்டங்களையும் அளந்து, 2 மில்லிமீட்டருக்கு மேல் வித்தியாசம் இருந்தால் கூரை முறுக்கிக்கொண்டு நிற்கிறது என்று அர்த்தம். இப்போது சரிசெய்வது பத்து நிமிடம், முழுதாகப் பற்றவைத்த பின் பத்து நாள்.

பற்றவைக்கும்போது டிக் (TIG, கம்பியைக் கையால் கொடுக்கும் வெல்டிங்) சிறந்தது. மிக் (MIG, கம்பியை இயந்திரமே ஊட்டும் வெல்டிங்) என்றால் 0.6 மில்லிமீட்டர் கம்பி. ஒரே இழுப்பாகப் போகாமல், அங்குலத்துக்கு ஒரு புள்ளி, பிறகு அவற்றின் நடுவே ஒன்று, வண்டியின் வேறு வேறு மூலைக்கு மாறி மாறி. பற்றவைத்த இடம் ஆறும்போது சுருங்கித் தகட்டை இழுக்கும். டாலியை (தகட்டுக்குப் பின்னால் பிடிக்கும் இரும்புக் கட்டி) உள்ளே கொடுத்து இணைப்பின் மீதே தட்டி, சுருங்கியதை நீட்டிக்கொண்டே வர வேண்டும். டிக் இணைப்பு மென்மை, தட்டினால் இணங்கும். மிக் இணைப்பு கடினம். முதலில் தேய்த்துத் தாழ்த்திவிட்டுத் தட்ட வேண்டும், ஆனால் அதிகம் தேய்த்தால் பக்கத்துத் தகடு மெலிந்து ஓட்டையாகும். ஒழுங்காகத் தட்டினால் பட்டி ஒரு மெல்லிய பூச்சுக்கு மேல் தேவைப்படாது. பில்லரில் அரை அங்குலப் பட்டி வைத்தால் ஒரே ஆண்டில் வெடிப்பு காட்டிவிடும்.

கதவு கடைசி. கூரை முடிந்தபின் இருக்கும் திறப்புக்குத் தக்கபடி கதவின் மேல் சட்டத்தை வெட்டி, பில்லரைச் சாய்த்த அளவுக்கு அதன் முன் ஓரத்தையும் சாய்த்து, 5 மில்லிமீட்டர் இடைவெளி வரும்படி பொருத்துங்கள். கண்ணாடி உயரம் குறைந்ததால் ரெகுலேட்டர் (கண்ணாடியை ஏற்றி இறக்கும் பொறி) தேவைக்கு மேல் ஏற்றும். அதற்கு ஒரு தடுப்பு வையுங்கள், இல்லையேல் கண்ணாடி மேல் சட்டத்தில் இடித்து உடையும். 32இன் முன் கண்ணாடிச் சட்டம் மேலே கீல் வைத்து வெளியே திறக்கும் வகை, அதையும் அதே அளவு வெட்ட வேண்டும். வைப்பர் மேலிருந்து தொங்குவதால் அதன் கையையும் குறைக்க வேண்டும். உள்ளே இருக்கும் ஜன்னல் ஓரச் சட்டங்களை மறந்துவிட்டுப் பிறகு தவிக்கிறவர்கள் உண்டு. அவற்றையும் பாடியோடு சேர்த்தே வெட்டிப் பொருத்துங்கள்.

கண்ணாடிக்கு ஆர்டர் கொடுக்கும் முன் 3 மில்லிமீட்டர் ஹார்ட்போர்டில் மாதிரி வெட்டி, சுற்றிலும் 3 மில்லிமீட்டர் இடைவெளி ரப்பருக்கு விட்டு, திறப்பில் வைத்துப் பாருங்கள். மூலையில் விரலால் அழுத்தும்போது எதிர் மூலை எழும்பினால் திறப்பு சமதளமாக இல்லை; கண்ணாடியை அதில் போட்டால் முதல் மேட்டிலேயே விரிசல் விடும். முன்னால் லேமினேட்டட் கண்ணாடிதான். அதைப் பிறகு அரை அங்குலம் குறைக்க வேண்டி வந்தாலும் வெட்டலாம். டெம்பர் செய்த கண்ணாடியை வெட்டப் போனால் பொடிப்பொடியாக நொறுங்கும். டேப் ஒட்டி அளந்த இரண்டு எண்களையும் பில்லர் சாய்வுகளையும் எழுதுங்கள். இரண்டரையா மூன்றா என்பதை அதை வைத்துத் துல்லியமாகச் சொல்லிவிடலாம்.